சுவிட்ச் விளக்கா, பாயின்ட் விளக்கா? மாதிரி ரயில் சிக்னல் பேனல் பற்றி ஒரு இழை

7 ஜூன் 2023 – கும்பகோணத்துத் தம்பி ஒருத்தர் கேட்டது

"அண்ணே, என் லேஅவுட்டில் (மாதிரி ரயில்பாதையில்) மொத்தமே நாலு பாயின்ட் (தண்டவாளம் பிரியற இடம்), ஆறு சிக்னல். டபுள் போல் டாகிள் சுவிட்ச் போட்டு, ஒரு பக்கம் பாயின்ட் மோட்டாருக்கு, மறுபக்கம் பேனல் எல்இடிக்கு ஒயர் இழுத்துட்டா வேலை முடிஞ்சுது. மேலே தள்ளினா பச்சை, கீழே தள்ளினா மஞ்சள். இதுக்குப் போய் மைக்ரோ சுவிட்ச், ரிலே, ஆர்டுயினோ (புரோகிராம் போடற சின்ன சர்க்யூட் போர்டு), இன்டர்லாக் (தப்பான வழிக்கு சிக்னல் விழாம பூட்டறது)ன்னு எல்லாரும் ஏன் உயிரை விடறீங்க? பொம்மை ரயில்தானே?"

8 ஜூன் 2023, காலை

முடியலை தம்பி. நீ சொல்ற எல்இடி பாயின்ட் எந்தப் பக்கம் கிடக்குன்னு சொல்லாது. உன் விரல் எந்தப் பக்கம் தள்ளுச்சுன்னு மட்டும்தான் சொல்லும். அது உனக்கே தெரியும், அதுக்கு எதுக்கு ஒரு விளக்கு?

எனக்குத் தொழில் மோட்டார் பேனல் போர்டு. மன்னார்குடியைச் சுத்தி போர்செட்டுக்கு ஸ்டார்ட்டர் பாக்ஸ் கட்டறது, ரிப்பேர் பாக்கறது, முப்பது வருஷமா. ஆரம்பத்துல ஒரு பெரியவர் கொல்லைக்குப் பேனல் கட்டிக் கொடுத்தேன். 'மோட்டார் ஓடுது' பச்சை விளக்கைக் காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரன்ட் விடற காந்த சுவிட்ச்) காயிலுக்குப் போற ஒயரிலேயே கோத்துட்டேன். ஒரு நாள் ராத்திரி காயில் எரிஞ்சு போச்சு. 'ஆட்டோ'வில் (கரன்ட் வந்தா தானா ஓடற நிலையில்) போட்டிருந்ததால காயில் ஒயருக்கு சப்ளை மட்டும் விடாம வந்துக்கிட்டிருக்கு. விளக்கு பளிச்சுன்னு எரியுது. அவர் திண்ணையிலேருந்து பச்சையைப் பாத்துட்டு நிம்மதியா படுத்துட்டார். விடியக்காலை போய்ப் பாத்தா வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்லை, நாத்தங்கால் வெடிச்சுக் கிடக்கு. அவர் திட்டலை. "விளக்கு எரிஞ்சுதேப்பா"ன்னு மட்டும் கேட்டார். அன்னையிலேருந்து எந்தப் பேனலிலும் அந்த விளக்கைக் காண்டாக்டரோட துணைக் காண்டாக்டிலேருந்துதான் எடுக்கறேன். காண்டாக்டர் இழுத்தாத்தான் விளக்கு.

ரயில் பேனலும் இதேதான். பாயின்ட் நகர்ந்த பிறகு, நகர்ந்ததால, எரியணும்.

8 ஜூன் 2023, இரவு

"பொம்மைக்குமா?"ன்னு மறுபடி கேட்டிருக்க. உன் பாயின்ட் கண்ணுக்கு எதிரே கையெட்டற தூரத்துல இருந்தா வேண்டாம். மலைக் குகைக்குள்ளேயோ மேசையோட அந்தக் கோடியிலேயோ இருந்தா வேணும். இதை அப்புறம் பேசலாம்.

11 ஜூன் 2023

என் லேஅவுட் என்னன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருக்காங்க. எட்டடிக்கு ரெண்டடி பிளைவுட், மாடி அறையில. நீடாமங்கலம் மாதிரி, ஆனா அச்சு அசல் கிடையாது. தஞ்சாவூர் – திருவாரூர் மெயின், மன்னார்குடிக்கு ஒரு கிளை, ரெண்டு லூப் (வண்டி ஒதுங்கற பக்கத் தடம்), ஒரு சைடிங் (வண்டியை நிறுத்தி வைக்கற தடம்), ரோட்டை மறிக்கற கேட். கிளைக்கு 2011ல் மறுபடி ரயில் வந்தப்போ நான் கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்திட்டு நின்ன நேரத்தை எல்லாம் கூட்டினா ஒரு லேஅவுட் கட்டியிருக்கலாம். கடைசியில் கட்டிட்டேன்.

அளவு 1:87. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இதை 87ஆல் பெருக்கினா 1435 வருது, அது ஐரோப்பாக்காரன் கேஜ். நம்ம பிராட்கேஜ் 1676 மி.மீ, கணக்குப்படி 19.26 வரணும். கடையில கிடைக்கறது 16.5தான், அதனால என் நீடாமங்கலத்தில் ஓடறது கொஞ்சம் ஒடுங்கின பிராட்கேஜ். பழைய மீட்டர்கேஜ் காலத்தைக் கட்டறவங்களுக்கு யோகம்: 1000 மி.மீக்கு 11.5 வருது, 12 மி.மீ தண்டவாளம் கிடைக்குது, யாரும் குறை சொல்ல முடியாது.

கைகாட்டி வேணுமா கலர் லைட்டா வேணுமான்னு வீட்டுக்குள்ளேயே விவாதம். கைகாட்டி அழகு. ஆனா அந்தக் கை சாயறதுக்கு ஒரு மோட்டார், அது சாஞ்சுதான்னு பாக்க ஒரு காண்டாக்ட், ஆக சிக்னலுக்குச் சிக்னல் வேலை ரெட்டிப்பு. கலர் லைட் போட்டேன். நாளைக்கு மேட்டூர் திறக்கறாங்க, ஆர்டர் குவியும். இனி பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன்.

19 ஜூன் 2023

பாயின்ட் மோட்டார். ரெண்டு ஜாதி இருக்கு. ரெட்டைக் காயில் போட்டு டப்புன்னு அடிக்கறது ஒண்ணு. மெதுவா நகர்ந்து போய் முட்டிக்கிட்டு நிக்கற ஸ்டால் வகை இன்னொண்ணு.

முதல் ஜாதிக்கு ஒரு நொடிக்கும் குறைவா கரன்ட் கொடுக்கணும், ஆனா ரெண்டு மூணு ஆம்பியர் இழுக்கும். விரலை எடுக்காம அமுக்கிப் பிடிச்சா காயில் வெந்துடும். என் அக்கா பேரன் லீவுக்கு வந்தப்போ பச்சை பட்டன் பிடிச்சுப்போய் அமுக்கிக்கிட்டே நின்னான். மாடியிலேருந்து வந்த வாடையை வெச்சே எந்தப் பாயின்ட்டுன்னு சொல்லிடலாம் போல இருந்துது. பரிகாரம் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட்: 4700 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் ஒண்ணு நிரம்பி இருக்கும், பட்டனை அமுக்கினா மொத்தத்தையும் ஒரே அடியா காயிலில் கொட்டிடும். அதுக்கப்புறம் பேரன் நாள் பூரா அமுக்கினாலும் பெருசா ஒண்ணும் போகாது.

ரெண்டாவது ஜாதி முட்டிக்கிட்டு நிக்கறப்போ 12 வோல்ட்டில் சுமார் 15 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். அது எல்இடிக்குத் தாங்கற கரன்ட். அதனால எதிரெதிரா திருப்பிக் கோத்த ரெண்டு எல்இடியை மோட்டாரோட தொடரிலேயே போட்டுடலாம், ரெசிஸ்டர்கூட வேண்டாம். மோட்டாருக்குப் போற ஒயர் அறுந்தா விளக்கும் அணையும். தம்பியோட சுவிட்ச் விளக்கைவிட இது ஒரு படி யோக்கியம். இதையும் தாண்டி, இந்த மோட்டாருக்குள்ளேயே காண்டாக்ட் ரெண்டு செட் வருது, அதில் ஒண்ணை விளக்குக்கு எடுத்தா என் துணைக் காண்டாக்ட் கதைதான். நான் அப்படித்தான் போட்டிருக்கேன்.

20 ஜூன் 2023

நேத்து எழுதினதில் தப்பு. 25 வோல்ட் கெபாசிட்டர் வேண்டாம், 35 போடுங்க. 16 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரை ரெக்டிஃபை பண்ணினா காகிதத்தில் 21, 22 வோல்ட்தான் வருது. ஆனா நம்ம ஊர் லைன் எப்படின்னு எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? பகல்ல அத்தனை மோட்டாரும் ஓடறப்போ 200ல முனகும், நடுராத்திரி லோடு விட்டா 250ஐத் தொடும். லோடு இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் வேற கூடக் கொடுக்கும். நேத்து ராத்திரி பதினொண்ணுக்கு மீட்டர் வெச்சேன், 26.4. இதை எழுதறப்போ அந்த கெபாசிட்டரோட தலை லேசா உப்பிக்கிட்டிருக்கு.

2 ஜூலை 2023

பேனல் முகப்பு. முதல்ல 3 மி.மீ அக்ரிலிக்கில் ஓட்டை போட்டேன், மூணாவது ஓட்டையில் கோடு விட்டுது. இரும்புக்குப் போடற பிட்டை வேகமா ஓட்டினா அப்படித்தான். அடியில பலகை வெச்சு, மேலே டேப் ஒட்டி, மெதுவா, சின்ன ஓட்டையிலேருந்து படிப்படியாப் பெரிசாக்கணும். எல்இடிக்கு 5, சின்ன டாகிளுக்கு 6 மி.மீ. அதைவிட எனக்குப் பழகினது ஸ்டார்ட்டர் பாக்ஸ் தகடு, கடைசியில் அதுக்கே போயிட்டேன்.

தண்டவாளப் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைஞ்சு ஃபிளெக்ஸ் கடையில வினைல் ஸ்டிக்கரா அடிச்சேன். கடைக்காரப் பையன் "கல்யாணமா, காதணி விழாவா அண்ணே"ன்னு கேட்டான். ரயில்வே ஸ்டேஷன்னு சொன்னதும் ஓரத்துல பூ பார்டர் வேணுமான்னான்.

சிவப்பும் பச்சையும் ஒரே ரெசிஸ்டரில் ஒரே அளவு எரியாது. புது வகைப் பச்சை கண்ணைக் குத்தும். 12 வோல்ட்டில் சிவப்புக்கு 1 கிலோ ஓம் போட்டா 10 மில்லி ஆம்பியர், அது போதும். பச்சைக்கு 4.7 கிலோ வெச்சும் தூக்கலா இருந்துது, 10 கிலோ போட்டு அடக்கினேன்.

30 ஆகஸ்ட் 2023

ஆத்துல தண்ணி இல்லை, போர்செட் எல்லாம் ராப்பகலா ஓடுது, எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனா ஒரு கூத்து நடந்துது, சொல்லியே ஆகணும்.

கீழே பட்டறையில காண்டாக்டர் டெஸ்ட் பண்றப்போ எல்லாம் மேலே நீடாமங்கலத்துல பாயின்ட் தானா மாறுது. வீட்டம்மா ரெண்டு நாள் பொறுத்துட்டு, "மாடியில யாரோ நடமாடறாங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

காரணம்: ஆர்டுயினோவுக்குள்ள இருக்கற புல்-அப் (பட்டன் அமுக்காதப்போ பின்னை மேல் வோல்ட்டில் பிடிச்சு வைக்கற ரெசிஸ்டர்) 20லேருந்து 50 கிலோ ஓம் வரைக்கும். நாலு மீட்டர் ஒயரை அதுக்குக் கொடுத்தா அது ஆன்டெனாதான். போதாக்குறைக்கு அந்த ஒயரையும் பாயின்ட் காயில் ஒயரையும் ஒரே கட்டா கட்டி, பாக்க லட்சணமா டை அடிச்சிருந்தேன். காண்டாக்டர் விடற பொறி எல்லாம் பட்டன் அமுக்கினதாப் பதிவாயிடுச்சு. வெளியே 1 கிலோ ஓம் புல்-அப், பின்னுக்குப் பக்கத்துலேயே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், ரிலே காயில்களுக்குக் குறுக்கே டையோடு, புரோகிராமில் 30 மில்லி செகண்ட் இடைவெளியில் ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் நம்பறது. ஒயர்க்கட்டைப் பிரிச்சேன். நடமாட்டம் நின்னுது. தொழில்ல தினம் செய்யறதை மாடிக்குப் போனதும் மறந்துட்டேன் பாருங்க.

16 செப்டம்பர் 2023

ரயில்வே சிக்னலில் வேலை பாத்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, பொன்மலைக்காரர், இந்த இழையைப் படிச்சுட்டு ரெண்டு கேள்வி கேட்டார். ரெண்டும் சுருக்குன்னு தெச்சுது.

முதல் கேள்வி: "உங்க மோட்டார் காண்டாக்ட் மோட்டார் போயிடுச்சுன்னு சொல்லும். டங் ரெயில் போய் ஒட்டுச்சுன்னு யார் சொல்லுவா?"

நியாயம். டங் ரெயில்னா பாயின்ட்டில் நகர்ற கூர்முனைத் தண்டவாளம், ஸ்டாக் ரெயில்னா அது போய் ஒட்டற நகராத தண்டவாளம். நிஜத்தில் ரெண்டு டங் ரெயிலிலேருந்தும் தனித்தனிக் கம்பி வந்து, பாயின்ட் சரியா ஒட்டியிருக்குன்னு காட்டற டிடெக்‌ஷன் கொடுக்கும். டங் ரெயிலுக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே 5 மி.மீ தகடு வெச்சுப் பாப்பாங்களாம், பூட்டவும் கூடாது, டிடெக்‌ஷன் வரவும் கூடாது. அதை 87ஆல் வகுத்தேன்: 0.06 மி.மீ கூட இல்லை, தலைமுடி கனம். நான் ஒரு விசிட்டிங் கார்டை வெச்சுப் பாத்தேன். 0.3 மி.மீ, நிஜத்துக்கு ஒரு அங்குல இடைவெளி. என் பேனல் சந்தோஷமா பச்சை காட்டுது. ஜூன் மாசம் தம்பிக்கு அவ்வளவு பேசினேன், என் விளக்கும் வேறொருத்தன் சொன்னதைக் கேட்டுத்தான் எரிஞ்சுக்கிட்டிருந்திருக்கு. இப்போ ஸ்ட்ரெச்சர் பாரோட (ரெண்டு டங் ரெயிலையும் சேத்துப் பிடிக்கற கம்பி) மறுமுனையில மைக்ரோ சுவிட்ச் மாட்டறேன். மோட்டார் தள்ளற முனையில மாட்டினா பழைய பொய்தான், மறுமுனைதான் சரி.

ரெண்டாவது கேள்வி பெருசு. நாளைக்கு எழுதறேன்.

18 செப்டம்பர் 2023

ரெண்டாவது: "பிளாக்கில் வண்டி இருக்கான்னு பாக்கற சர்க்யூட்டில் ஒயர் அறுந்தா உங்க பேனல் என்ன காட்டும்?"

பிளாக் (ஒரு நேரத்துல ஒரு வண்டி மட்டும் இருக்கலாம்ங்கற தண்டவாளத் துண்டு) காலின்னு காட்டும். எழுதறதுக்கே கூச்சமா இருக்கு.

நான் போட்டது கரன்ட் டிடெக்‌ஷன்: பிளாக்குக்குப் போற ஒயரில் திசைக்கு ரெண்டாத் தொடரில் கோத்து எதிரெதிரா போட்ட டையோடு, எஞ்சின் கரன்ட் இழுத்தா சுமார் 1.4 வோல்ட் விழும், ஆப்டோ (ஒளியால சேதி கடத்தற சில்லு) அதைப் பாத்துட்டு ஆர்டுயினோ பின்னைக் கீழே இழுக்கும், சிவப்பு எரியும். சும்மா நிக்கற வேகன்களும் தெரியணும்னு சக்கர அச்சில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒட்டினேன், நாப்பது அச்சுக்கு. ஆக, கரன்ட் வந்தா வண்டி, வராட்டி காலி. ஒயர் அறுந்தாலும் வராது, சோல்டர் விட்டாலும் வராது, எல்லாத்துக்கும் பதில் 'காலி'.

நிஜ ரயில் தலைகீழ். 1872ல் வில்லியம் ராபின்சன் போட்ட டிராக் சர்க்யூட்டில் வண்டி இல்லாதப்போதான் கரன்ட் ஓடும். ஒரு முனையில பேட்டரி, மறுமுனையில ரிலே. தண்டவாளம் காலியா இருந்தா ரிலே இழுத்துப் பிடிச்சிருக்கும். வண்டி வந்தா அச்சு ரெண்டு தண்டவாளத்தையும் இணைச்சுடும், ரிலே விழும், சிவப்பு. பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழும், ஒயர் அறுந்தாலும் விழும், அப்பவும் சிவப்புதான். கெட்டுப் போனா வண்டி நிக்கும், மோதாது. ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் பண்றதும் இதுதானே? கரன்ட் போனா விட்டுடும், வந்தா தானா ஓடாது. கையில வெச்சுக்கிட்டே இருந்திருக்கேன், கண்ணுக்குத் தெரியலை.

அப்படியே அதை மாடலில் போட முடியாது. தண்டவாளத்திலேயே ஓட்டற கரன்ட் போகுது, சக்கரம் ஒரு பக்கம் இன்சுலேஷன். முடிஞ்சதைப் பண்ணினேன். டிடெக்டர் போர்டிலேயே ஒரு டிரான்சிஸ்டர் சேத்துத் திருப்பிட்டேன். பிளாக் காலியா இருந்தா அது பின்னைக் கீழே இழுத்துப் பிடிக்கணும். வண்டி வந்தா விடும், போர்டு சப்ளை போனாலும் விடும், பேனல் ஒயர் அறுந்தாலும் விடும். விட்டா புல்-அப் மேலே தூக்கும், மேலே போனா சிவப்பு. ஒரு ஒயரைக் கத்திரியால வெட்டியே பாத்தேன். சிவப்பு. ஐயாவுக்கு போட்டோ அனுப்பினேன். "இப்பத்தான் சிக்னல்" அப்படின்னு ஒரே வரி.

18 செப்டம்பர் 2023, இரவு

ஒரு ஓட்டை இருக்கு. டிடெக்டருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அறுந்தா இன்னமும் 'காலி'ன்னுதான் காட்டும். பிளாக்கோட கோடியில நிரந்தரமா ஒரு ரெசிஸ்டர் போட்டு, சுத்தமா கரன்ட் இல்லைன்னா கோளாறு, கொஞ்சம் இருந்தா காலி, கூட இருந்தா வண்டின்னு மூணு நிலையாப் பிரிக்கலாம். அந்த இடம் அறுந்தா எஞ்சினும் நகராதே, தானாத் தெரிஞ்சுடும்னு விட்டுட்டேன். சோம்பேறித்தனத்துக்கு நல்ல காரணம் கிடைச்சா விடக்கூடாது.

9 அக்டோபர் 2023

இன்டர்லாக் வேலை செய்யுது. 1856ல் ஜான் சாக்ஸ்பி பாயின்ட்டையும் கைகாட்டியையும் இரும்பால பூட்டினதை நான் நூத்துச் சொச்சம் வரிப் புரோகிராமில் பூட்டினேன். கேட் மூடாம ஹோம் சிக்னலை (ஸ்டேஷனுக்குள்ள விடற சிக்னல்) 'வரலாம்'னு எடுக்க முடியாது. சிக்னல் எடுத்துட்டா கேட்டைத் திறக்க முடியாது.

ஐயா சொன்னபடி ரெண்டு பட்டன் முறை: சிக்னல் பட்டனையும் ரூட் பட்டனையும் சேத்து அமுக்கினாத்தான் ரூட் (வண்டி போற வழி) விழும். முழங்கை பட்டு எதுவும் நடக்காது. ஒரு கையில டீ கிளாஸ் இருந்தாலும் எதுவும் நடக்காது, அது ஒண்ணுதான் குறை. ரூட் விழுந்தா வழி முழுக்க வெள்ளை விளக்கு, வண்டி ஏற ஏற சிவப்பு.

போட்ட ரூட்டை அவசரமா ரத்து பண்ணினா நிஜத்தில் 120 நொடி காத்திருக்கணும். சிக்னலைப் பாத்து வந்துட்ட டிரைவர் நிக்கறதுக்கு அந்த நேரம். நான் 12 நொடி வெச்சேன். அதுவும் அக்கா பேரனுக்கு ஒரு யுகம். ஒவ்வொரு ரத்தும் ஒரு கவுன்டரில் ஏறும், நிஜப் பேனலிலும் அப்படித்தான். தீபாவளிக்கு அவன் வந்துட்டுப் போகட்டும், எண்ணைச் சொல்றேன்.

16 நவம்பர் 2023

41.

27 நவம்பர் 2023

மழை. பேனலுக்குள்ள ஈரம். சோல்டர் பேஸ்ட்டைத் துடைக்காம விட்ட இடமெல்லாம் பச்சை பூத்திருக்கு, நாகப்பட்டினம் பக்கம் இருக்கறவங்களுக்கு இது ரெண்டு மடங்கு இருக்கும். ஸ்பிரிட் போட்டுத் தேய்ங்க, காஞ்சதும் வார்னிஷ் ஒரு பூச்சு. அப்புறம் ஒயர் நுழையற ஓட்டையை அடைங்க. ரெண்டாம் லூப் மூணு நாளா சிவப்பாவே நின்னுது. திறந்து பாத்தா டெர்மினல் ஸ்டிரிப்பில் ஒரு பல்லி, ஒயர் ஒண்ணை லக்கோட பிடுங்கிட்டுப் படுத்திருக்கு. பழைய சர்க்யூட்டா இருந்தா 'காலி'ன்னு காட்டியிருக்கும்.

3 டிசம்பர் 2023

கும்பகோணத்துத் தம்பி எழுதியிருக்கார்: அவர் சொன்ன மாதிரியே சுவிட்ச் விளக்குதான் போட்டாராம், ஆறு மாசமா ஒரு தடம்புரளல் இல்லையாம். சரி. நாலு பாயின்ட்டும் அவர் மூக்குக்குக் கீழே இருக்கு, கண்ணே டிடெக்‌ஷன். ஜூன் மாசம் நான் "முடியலை"ன்னு ஆரம்பிச்சது கொஞ்சம் அதிகம்தான். ஆனா அவர் இப்போ சைடிங்கை அடுத்த ரூமுக்குச் சுவரைக் குடைஞ்சு கொண்டு போறாராம். அந்தச் சுவர் தாண்டின பாயின்ட்டுக்கு மட்டும் மைக்ரோ சுவிட்ச் எங்கே கிடைக்கும்னு கேட்டிருக்கார்.

21 ஜனவரி 2024

பொங்கலுக்கு வீடு நிறைய ஆள். காட்டலாம்னு மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா மூணாம் நம்பர் பாயின்ட் விளக்கு மினுக்கு மினுக்குன்னு விட்டு விட்டு எரியுது. மன்னார்குடி ரூட் விழவே மாட்டேங்குது. லூஸ் சோல்டர்னு சொல்லிச் சமாளிச்சேன். மறுநாள் எல்இடி மாத்தினேன், அதேதான். வேற எல்இடி, அதேதான். ரெசிஸ்டர், ஒயர், மறுபடி எல்இடி. நாலு நாள் ஆச்சு. நேத்து டார்ச் அடிச்சு, மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டுக் குனிஞ்சு பாத்தா டங் ரெயிலுக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே ஒரே ஒரு ஜல்லி, கடுகில் பாதி இருக்கும். ஊசியால எடுத்தேன். விளக்கு நின்னு எரியுது. கழட்டின மூணு எல்இடியும் நல்லாத்தான் இருக்கு, டப்பாவில் கிடக்கு. சுவர் தாண்டற தம்பிக்கு வேணும்னா மைக்ரோ சுவிட்சோட சேத்து அனுப்பறேன்.